அஞ்சியவர் செய்த செபம்

செவ்வாய்க்கிழமைகளில், விடியுமுன்னே இரத்தினபுரியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்படும் பேருந்துகளில், குருவிட்டவில் ஏறும் தோட்டத்துத் தாய்மார் சிலரைக் காணலாம். நெற்றியில் திருநீறு துலங்கும். மடியில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி இருக்கும். அவர்கள் செல்வது கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு. கேட்டால், "நாங்க மாரியம்மனைக் கும்பிடுறவங்கதான் சேர். ஆனா பிள்ளைக்கு மனசுல ஒரு பயம் புடிச்சிருக்கு. அந்தோனியாருகிட்டச் சொன்னா தெளியும்" என்பார்கள். இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக அவர்கள் கருதுவதில்லை. முரண்பாடு காண்பவர்கள் நம்மைப் போன்ற படித்தவர்கள்தாம்.

யான் சைவக் குடும்பத்திற் பிறந்து வளர்ந்தவன். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். இப்பகுதியில் இவ்வாரம் கிறிஸ்தவ செபத்தைப் பற்றி எழுதப் புகுவது நேயர் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் பரீட்சைக் காலம் நெருங்கும்போதெல்லாம் மாணவர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பிரார்த்தனை செய்தால் பயம் போகுமா, சேர்?" சைவ மாணவனும் கேட்கிறான், கிறிஸ்தவ மாணவியும் கேட்கிறாள். "போகும்" என்று சொல்லிவிடுவது எளிது. "எல்லாம் மனப்பிரமை" என்று ஒதுக்கிவிடுவது அதனினும் எளிது. இவ்விரு விடைகளும் என் மனத்துக்கு நிறைவளித்ததில்லை. ஆகவே நம் நாட்டிலேயே, அச்சத்தின் நடுவில் நின்று செபித்த ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அங்கே என்னதான் நிகழ்ந்தது என்று பார்ப்பதே நேர்மையான வழி எனத் தோன்றுகிறது.

அதற்குமுன் அச்சத்தைப் பற்றி ஒரு சொல். அச்சம் முழுவதும் தீயதன்று. அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதை வள்ளுவப் பெருந்தகையே பேதைமை என்றார். மலைச்சரிவில் லயத்துக் காம்பராவில் வாழும் ஒருவனுக்கு, வைகாசி மாதத்து மழை இரவு முழுவதும் கொட்டும்போது உறக்கம் வராமற் போவது கோழைத்தனமா? 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் கண்ட வெள்ளத்தையும் மண்சரிவையும் மறந்தவர் இங்கு எவரும் இலர். எச்சரிக்கை கிடைத்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்கு ஓடச் செய்கிற அச்சம், இறைவன் நமக்கு வைத்த காவற்காரன்.

மழை விட்டு, மண் காய்ந்து, வானம் தெளிந்தபின்பும் நெஞ்சுக்குள் பெய்துகொண்டேயிருக்கும் மழை ஒன்றுண்டு. அதுதான் கவலை. அச்சம் எதிரே நிற்கும் ஆபத்தைக் கண்டு எழுவது. கவலை இன்னும் வராத ஆபத்தை வரவழைத்துக்கொண்டு வந்து எதிரே நிறுத்துவது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும், மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குச் சென்ற மகளின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய்க்கும், கடன்காரனின் முகத்தை எண்ணிப் புரளும் தகப்பனுக்கும் உற்ற நோய் இதுவே.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

குருவிட்டவுக்கு அணித்தாகவுள்ள தெல்கமுவ விகாரையில், குரக்கன் அரைக்கும் திரிகைக் கல் ஒன்று மிகுந்த பக்தியுடன் பேணப்பட்டு வருகிறது. கோட்டை அரசன் தர்மபால 1557ஆம் ஆண்டில் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியபின், போர்த்துக்கேயரின் கைக்கு எட்டாதிருக்கும் பொருட்டு, புத்தர் பெருமானின் புனித தந்தத்தை இங்கே கொண்டுவந்து அந்தத் திரிகைக்குள் மறைத்து வைத்திருந்தனர் என்பது வழிவழி வரும் வரலாறு. பின்னர் கண்டி அரசன் முதலாம் விமலதர்மசூரியனின் காலத்தில் அது கண்டிக்குச் சென்றது. யான் அந்தக் கல்லை நினைக்கும்போதெல்லாம் அதற்குள் இருந்த புனிதப் பொருளை மட்டும் நினைப்பதில்லை. அதைச் சுற்றியிருந்த மனிதரின் நடுக்கத்தையும் நினைப்பதுண்டு. இரவில் நாய் குரைத்தால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

நூறாண்டு நிறையுமுன் காட்சி தலைகீழாயிற்று. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிப் போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து முற்றாக அகற்றினர். அவர்களும் கிறிஸ்தவரே; ஆயினும் கத்தோலிக்கர் அல்லர். கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். குருவானவர் ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. தந்தத்தைத் திரிகைக்குள் ஒளிக்கவேண்டிய நிலை ஒரு மதத்தினருக்கு வந்தது போல, செபமாலையை நெற்குதிருக்குள் ஒளிக்கவேண்டிய நிலை மற்றொரு மதத்தினருக்கு வந்தது. அச்சத்துக்குச் சமயம் இல்லை. அது அதிகாரம் எங்கே போகிறதோ அதற்கு எதிர்ப்புறமாகக் குடிபெயர்ந்து செல்வது.

இந்தச் சூழலில்தான் 1687ஆம் ஆண்டில் யோசேவாஸ் அடிகளார் யாழ்ப்பாணக் கரையில் வந்து இறங்கினார்.

கோவா நாட்டில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்தவர். கொங்கணி பேசும் குடும்பத்தவர். குருத்துவம் பெற்றுப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. இலங்கையில் குருமாரின்றித் தவிக்கும் மக்களைப் பற்றிக் கேள்வியுற்று, தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்திலே தோணி ஏறினார். கரை சேர்ந்தபோது வயிற்றுளைச்சலால் நிற்கவும் இயலாத நிலை. தெருவோரத்தில் கிடந்தவருக்கு இரக்கமுள்ள பெண்ணொருத்தி கஞ்சி வார்த்தாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பெரும்பணி ஒன்றைத் தொடங்க வந்தவருக்கு இப்படி ஒரு தொடக்கம்!

உடல் தேறியபின் அவர் செய்த காரியத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். யார் கத்தோலிக்கர், யார் அல்லர் என்று அந்நிய ஊரில் அறிவது எப்படி? கேட்டால் எவரும் சொல்லமாட்டார். கேட்டவரே ஒற்றராயிருக்கலாம் அன்றோ? ஆகவே செபமாலையைக் கழுத்தில் வெளிப்பட அணிந்துகொண்டு, பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகச் சென்றார். பிச்சை இடுபவரின் கண்கள் அந்த மாலையில் பட்டதும் ஒரு கணம் நிற்கின்றனவா என்று கவனித்தார். அச்சம் படலையின் இருபுறத்திலும் இருந்தது. வெளியே நிற்பவர் காட்டிக்கொடுக்கப்படலாம். உள்ளே நிற்பவர் பரிசோதிக்கப்படலாம். இவ்விரு அச்சங்களுக்கும் நடுவில் யாரேனும் ஒருவர் முதலில் தம்மை வெளிப்படுத்தியாக வேண்டும். அடிகளார் தம் கழுத்தையே முன்னே நீட்டினார்.

சில்லாலை மக்கள் அவரை ஏற்றுக் காத்தனர். ஆனால் 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் யாழ்ப்பாணத்து வீடுகளில் புகுந்து, வழிபாட்டுக்குக் கூடியிருந்த ஏறத்தாழ 300 பேரைப் பிடித்தனர். தலைவர்களாயிருந்தோர் கசையடி பட்டனர். அடி தாங்காமல் உயிர் நீத்தவரும் உண்டு. அடிகளார் தப்பிச் சென்றார்.

தப்பிச் சென்றார் என்பதை அவருடைய அன்பர்கள் எவரும் மறைத்து எழுதவில்லை. நம்மிற் சிலர், 'உண்மையான பக்தி உடையவன் ஓடமாட்டான்' என்று எண்ணுகிறோம். அது சினிமாக் கதாநாயகனின் இலக்கணம். ஓடவேண்டிய இடத்தில் ஓடுவதற்கும், நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதற்கும் வேண்டிய தெளிவைத்தான் செபம் தரவேண்டும். முரட்டுத் துணிச்சலை அன்று. அவர் நின்ற இடம் வேறு.

புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குள் சென்றவரை, போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் குற்றஞ்சாட்டினார். 1692ஆம் ஆண்டில் சிறைப்பட்டார். காவலிருப்பில் அவர் செய்தவை இரண்டு: சிங்களம் கற்றார், ஓலைக் குடிசை போன்ற ஒரு சிறு கோவிலை அமைத்து வழிபாடு நடத்தினார். சிறைப்பட்ட மனிதனின் கவலை எத்தகையதென்று குருவிட்டவில் சிறைச்சாலை வாயிலில் காத்து நிற்கும் உறவினரைப் பார்த்தவர்கள் ஒருவாறு அறிவார்கள். 'நாளை என்ன ஆகும்' என்பதே அங்கு ஒவ்வொரு மணிக்கும் எழும் கேள்வி. அந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. இருந்ததெல்லாம் இன்றைக்குரிய செபமும், இன்றைக்குரிய சிங்களப் பாடமுமே. பரீட்சைக் கவலையால் புத்தகத்தைத் திறக்கவே நடுங்கும் மாணவர்கள் இவ்விடத்தை மனத்திற் குறித்துக்கொள்வார்களாக.

வறட்சிக் காலத்தில் அவர் செபித்தபோது மழை பெய்தது என்ற நிகழ்ச்சியைத்தான் கத்தோலிக்க மக்கள் பெரிதும் போற்றுகின்றனர். யான் அதை விரித்து எழுதப் போவதில்லை. மழை பெய்விப்பது நம் எவருடைய கையிலும் இல்லை. அதன் பின்னர் 1697ஆம் ஆண்டில் அவர் செய்ததோ, மனம் இருந்தால் மனிதர் செய்யக்கூடிய காரியம். என் நோக்கில் அதுவே பெரிது.

அவ்வாண்டில் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. இன்றைய இளைஞர்க்கு அந்நோயின் கொடுமை தெரியாது. நோய் கண்ட நூறு பேரில் ஏறக்குறைய முப்பது பேர் மாள்வர், பிழைத்தவரில் பலர் கண்ணிழப்பர், முகம் வடுப்படும். ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டது 1796ஆம் ஆண்டில். அதற்குப் பின் 184 ஆண்டுகள் சென்று, 1980ஆம் ஆண்டிலேதான் அந்நோய் உலகைவிட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1697ஆம் ஆண்டில் மருந்தும் இல்லை, தடுப்பும் இல்லை. தெரிந்த ஒரே மருந்து ஓட்டம்.

அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு நீங்கினர். ஓட இயன்றோர் ஓடினர். நோய் கண்டவரை வீட்டார் காட்டிலே கொண்டுபோய் விட்டுவந்தனர். இவர்களைக் கல்நெஞ்சர் என்று பழிப்பது எளிது. 2020ஆம் ஆண்டில், கொரோனாத் தொற்று என்ற ஒரு சொல் காதில் விழுந்தவுடன், அடுத்த காம்பராவின் கதவைக்கூடத் திரும்பிப் பார்க்க அஞ்சிய நாம் அவர்களைப் பழிக்கலாகாது. தாயின் கையிலிருந்து பிள்ளையையும், பிள்ளையின் கையிலிருந்து தாயையும் பிரித்துவிடும் வல்லமை அச்சத்துக்கு உண்டு.

யோசேவாஸ் அடிகளாரும், அவருடைய மருமகனான கர்வாலியோ என்னும் குருவானவரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்றனர். குடிசைகள் அமைத்தும், வெறிச்சோடிக் கிடந்த வீடுகளைப் பயன்படுத்தியும் நோயாளரைக் கிடத்தினர். கஞ்சி ஊட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரைத் தம் கையாலேயே குழி தோண்டி அடக்கினர். நோயாளர் எந்தச் சமயத்தவர் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரும்பாலோர் பௌத்தர் என்ற விடையே கிடைத்திருக்கும்.

நம் தோட்டத்து மக்களுக்கு அம்மை நோயின் அச்சம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்துவந்த நம் மூதாதையரில் எத்தனையோ பேர் அம்மையாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர். தோட்டந்தோறும் மாரியம்மன் கோவில் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அம்மை கண்டவரை அம்மன் வந்திருக்கிறாள் என்று சொல்லி, வேப்பிலை கட்டி, வாசலில் கோலமிட்டு, நோயாளியைத் தெய்வம் தங்கிய உடலாக மதித்தார்கள். அந்த நம்பிக்கையின் மருத்துவ மதிப்பை யாரேனும் ஆராயட்டும். நோயாளியைக் காட்டில் எறியாமல் வீட்டுக்குள் வைத்துக் காக்கும் துணிவை அது தந்தது என்பதை யான் மறுக்கமாட்டேன். நோயின் வாய்ப்பட்டவரைக் கொல்வது நோய் மட்டுமன்று. தாகமும் கொல்லும், பசியும் கொல்லும், 'என்னைக் கைவிட்டுவிட்டார்கள்' என்ற நினைவும் கொல்லும். ஒரு குவளை நீரோடு ஒருவர் அருகில் வந்து அமர்ந்தால், அந்தக் குடிசையிலே சாவின் வலிமை பாதி குறைந்துவிடுகிறது.

கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். இத்தொண்டை அறிந்தபின் அவன் அடிகளாருக்குத் தன் நாட்டில் தடையின்றிப் பணிசெய்ய உரிமையளித்தான். தந்தத்தை ஒளித்து வைக்கவேண்டியிருந்த மக்களின் அரசன், செபமாலையை ஒளித்து வைக்கவேண்டியிருந்த மக்களுக்குப் புகலிடம் கொடுத்தான். நம் பாடப்புத்தகங்கள் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கலாம்.

இப்பொழுது நம் மாணவரின் கேள்விக்குத் திரும்புவோம். செபம் அடிகளாரின் பயத்தைப் போக்கிற்றா?

போக்கிற்று என்று யான் நினைக்கவில்லை. அவரும் உடலெடுத்த மனிதர்தாம். முகம் முழுதும் சீழ்பிடித்த ஒருவரை முதன்முதலாகத் தூக்கும்போது கை நடுங்காதிருக்க இயலாது. கிறிஸ்தவ வேதமே இவ்விடத்தில் வெகு வெளிப்படையாக இருக்கிறது. இயேசுநாதர் பிடிபட்ட இரவில், அதற்குச் சற்றுமுன், கெத்சமனித் தோட்டத்தில், துயரத்தாலும் கலக்கத்தாலும் வியர்த்து, அந்தத் துன்பம் தம்மைவிட்டு நீங்கக்கூடுமாயின் நீங்கட்டும் என்று மன்றாடியதாகவே சுவிசேஷம் கூறுகிறது. அதை மறைத்து, அவர் சிரித்த முகத்துடன் சிலுவையை நோக்கி நடந்தார் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கிறிஸ்தவ செபத்தின் மாதிரியே ஓர் அஞ்சிய மனிதனின் செபம். அச்சத்தைச் சொல்லிவிட்டு, 'இருப்பினும் உமது சித்தம்' என்று எழுந்து நிற்பதே அதன் அமைப்பு.

ஆதலின் 'பயப்படுகிறாயா? உனக்கு விசுவாசம் போதாது' என்று அழுகிறவரை மேலும் அழவைக்கும் போதகர்களை யான் ஏற்பதில்லை. அது ஏற்கெனவே நொந்த மனத்தின்மேல் குற்ற உணர்வையும் ஏற்றி வைப்பது.

செபம் செய்தது வேறொன்று. அச்சம் மனிதனைத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கச் செய்வது. எனக்கு என்ன ஆகும், என் உடல் என்ன ஆகும், என் பெயர் என்ன ஆகும் என்று உள்முகமாகச் சுழலச் செய்வது. செபிப்பவன் முதலில் இறைவனை நோக்கித் திரும்புகிறான். அங்கிருந்து அடுத்தவனை நோக்கித் திரும்புகிறான். அச்சம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க இவனுக்கு நேரமில்லை. கண்டியில் நிகழ்ந்தது இதுவே என்பது என் கருத்து.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று. ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்தமைக்காகச் சிறைப்பட்ட டீட்ரிக் போன்ஹோபர் என்னும் ஜெர்மானியப் போதகர், 1943ஆம் ஆண்டு நத்தாரை ஒட்டி, பெர்லினில் தேகல் சிறையிலிருந்தபடியே சக கைதிகளுக்காகச் செபங்களை எழுதிக் கொடுத்தார். காவலரும் வியக்கும்படி அவர் அமைதியாக நடந்துகொண்டார் என்பர். ஆனால் அவரே எழுதிய கவிதை ஒன்றில், பிறர் கண்ணுக்குத் தெரியும் தாம் ஒருவர், உள்ளே கூண்டுப் பறவைபோலத் தவிக்கும் தாம் மற்றொருவர், இவ்விருவரில் உண்மையாகத் தாம் யார் என்று வினவுகிறார். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். உள்ளே தவிப்பு இருந்தது. அதே கை பிறருக்காகச் செபம் எழுதிற்று.

செபம் இருக்க மருந்தெதற்கு என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு மார்ட்டின் லூதர் விடை சொல்லட்டும். 1527ஆம் ஆண்டில் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, பல்கலைக்கழகமே யேனா நகருக்குப் பெயர்ந்தது. லூதரும், கருவுற்றிருந்த அவர் மனைவியும் நகரில் தங்கி, நோயாளரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணினர். கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று கேட்ட போதகர் ஒருவருக்கு அவர் எழுதிய நீண்ட மடல் இன்றும் வாசிக்கப்படுகிறது. கடமை உடையவர் இருக்கவேண்டும், கடமை இல்லாதவர் போகலாம், மருந்தை உண்ணுங்கள், வீட்டைப் புகையூட்டித் தூய்மை செய்யுங்கள், தேவையில்லாத இடத்துக்குச் சென்று நோயை வாங்கிப் பிறருக்குக் கொடுக்காதீர்கள் என்பது அதன் சாரம். கத்தோலிக்கக் குருவான யோசேவாஸும், கத்தோலிக்க சபையைவிட்டுப் பிரிந்த லூதரும் ஒருவரையொருவர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆயினும் நோயாளியின் பாய் அருகே இருவரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். கத்தோலிக்கர் இல்லங்களில் மாலை வேளையில் குடும்பமாகக் கூடிச் செபமாலை சொல்லும் வழக்கம் உண்டு. 53 மணிகளில் ஒரே மன்றாட்டை மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள். புறத்தே நின்று கேட்பவருக்கு அது சலிப்பூட்டலாம். 108 உருத்திராக்க மணிகளை உருட்டும் நம் பாட்டிமாரைக் கண்டு பழகியவர்க்கு அவ்வாறு தோன்றாது. விரல் மணியைப் பற்றுகிறது, மூச்சு சீராகிறது, சிதறிய மனம் ஒரு கோட்டில் வந்து நிற்கிறது. இது பாதி. மறுபாதி, ஒவ்வொரு பத்து மணியையும் ஒருவருக்காக ஒப்புக்கொடுப்பது: குவைத்தில் இருக்கும் அக்காவுக்காக, ஆஸ்பத்திரியிற் கிடக்கும் கங்காணித் தாத்தாவுக்காக, மாணிக்கக் குழிக்குள் இறங்கி வேலைசெய்யும் அடுத்த வீட்டுக்காரருக்காக. பத்து வயதுப் பிள்ளை ஒன்று இவ்வாறு பிறர் பெயர்களைச் சொல்லிச் செபிக்கப் பழகுமாயின், தன் பயத்துக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறதென்று அது அறிந்துகொள்கிறது. நடராசப் பெருமானின் அபய கரத்தைக் கண்டு வளர்ந்த சைவப் பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் ஒத்துவரும். எந்தக் குருக்களும் தடுக்கமாட்டார்.

பரீட்சைக்கு முதல்நாள் இரவு, 'படித்த கேள்விகளே வரவேண்டும் கடவுளே' என்று இரப்பது செபமன்று, பேரம். பேரம் பேசியவனுக்குக் கவலை கூடுமே தவிரக் குறையாது. மறுநாள் காலை மறுதரப்பு ஒப்பந்தத்தைக் காப்பாற்றுமோ என்ற ஐயம் வேறு சேர்ந்துகொள்ளும். 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, முடிவை இறைவனிடம் விட்டு, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உறங்கச் செல்லும் மாணவன் யோசேவாஸின் வழியிலே செல்பவன்.

மற்றொன்றையும் பெற்றோர் அறியவேண்டும். கிழமைக் கணக்காக உறக்கமின்மை, காரணமின்றி நெஞ்சு படபடத்தல், உணவை வெறுத்தல், உயிரை வெறுத்துப் பேசுதல், இவை தோன்றினால் அது வைத்தியரிடம் காட்டவேண்டிய நோய். செபத்தை விடவேண்டாம், வைத்தியசாலைக்குச் செல்வதையும் தள்ளிப்போட வேண்டாம். 'பேய்க்கோளாறு' என்று சொல்லி மாதக்கணக்கில் பிள்ளையை அலைக்கழிப்பதை நம் பக்கத்தில் இன்னும் காண்கிறோம். அம்மைக்கு மருந்தில்லாத காலத்தில் அடிகளார் தம் கைகளையே மருந்தாக்கினார். மருந்துள்ள காலத்தில் நாம் அதை மறுப்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைத்தலாகாது.

தொடக்கத்திற் சொன்ன கொச்சிக்கடைக் கோவிலும் அச்சத்தில் முளைத்ததே. ஒல்லாந்தர் காலத்தில் வணிகர் வேடத்தில் மறைந்து வாழ்ந்த அந்தோனி என்னும் குருவானவரிடம், கடல் தங்கள் குடிசைகளை அரித்துச் செல்வதைக் கண்டு நடுங்கிய மீனவர்கள் வந்து முறையிட்டார்கள் என்றும், அவர் கரையிலே சிலுவையை நாட்டிச் செபித்தார் என்றும், கடல் பின்வாங்கியது என்றும் அக்கோவிலின் மரபு கூறுகிறது. அந்தக் கோவிலிலேதான் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது குண்டு வெடித்தது. கட்டுவப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் வெடித்தவற்றையும் சேர்த்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். யோசேவாஸ் பிறந்த அதே ஏப்ரல் 21. அதன்பின் கோவிலுக்குப் போவதே அச்சமாயிற்று; பூசைகள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அந்தோனியார் கோவில் மீண்டும் திறக்கப்பட்டபோது மக்களின் அச்சம் தீர்ந்துவிடவில்லை. வாயிலிலே பைகளைச் சோதித்தார்கள். துப்பாக்கி ஏந்தியவர்கள் நின்றார்கள். அச்சத்தோடே திறந்தார்கள், அச்சத்தோடே மக்கள் வந்தார்கள். நம் தோட்டத்துத் தாய்மாரும் மெழுகுவர்த்திக் கட்டுடன் மீண்டும் சென்றனர்.

யோசேவாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலே காலமானார். இலங்கைக்கு வந்து ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டுகள். ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், தைப்பொங்கலுக்கு முந்திய தினத்தில், கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் எனப் பிரகடனஞ் செய்தபோது திடல் கொள்ளாத மக்கள் கூடியிருந்தனர். அவர் வழிபட்ட கண்டிக் கோவில் பிற்காலத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. அம்மையில் மாண்டவர்களுக்கு அவர் கையால் தோண்டிய குழிகளைப் போலவே, அவரை அடக்கஞ்செய்த இடமும் இன்னதென்று இன்று சுட்டிக்காட்ட எவராலும் இயலவில்லை.